ஒன்றிய அரசின் மானியக் கோரிக்கைகளைப் படிக்கும் முறை

பிப்ரவரி 1ஆம் தேதி காலை 11 மணிக்கு நிதியமைச்சர் மக்களவையில் உரையாற்றத் தொடங்குகிறார். எந்தப் பொருளின் விலை ஏறும், எது இறங்கும், வருமான வரி வரம்பு என்ன ஆயிற்று என்பதெல்லாம் உரை முடிவதற்குள்ளாகவே தொலைக்காட்சியில் ஓடி முடிந்துவிடுகின்றன. அதைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்த ஆண்டின் பட்ஜெட்டைத் தெரிந்துகொண்டதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். அரசியல் சாசனம் அந்த உரையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது கேட்பவை வேறு: 112ஆம் பிரிவின்படி ஆண்டு நிதிநிலை அறிக்கை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும், 113ஆம் பிரிவின்படி செலவுக்கான மதிப்பீடுகள் மானியக் கோரிக்கைகளாக மக்களவைக்கு வர வேண்டும், 114ஆம் பிரிவின்படி மக்களவை அளிக்கும் அனுமதி சட்டமாக வேண்டும், அப்போதுதான் அரசின் வருவாயும் கடனும் சேரும் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயை எடுக்க முடியும். ஒவ்வொரு அமைச்சகமும் தனக்கு இவ்வளவு வேண்டும் என்று மக்களின் அவையிடம் வைக்கும் விண்ணப்பமே மானியக் கோரிக்கை. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் கண்ணோடு அதைப் படிக்கவும், அது கணக்காக மாறித் தணிக்கைக்குப் போகும்வரை பின்தொடரவும் குடிமக்களில் எவருக்கும் முடியும். அதற்கான வழிமுறையைப் பெரும்பாலும் 2025-26ஆம் ஆண்டு ஆவணங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

எந்த ஆவணத்தை முதலில் திறப்பது

உரை முடிந்த சிறிது நேரத்தில் எல்லா ஆவணங்களும் நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் இணையதளத்தில் இலவசமாகக் கிடைத்துவிடும். 2021 முதல் இதற்கென ஒரு கைபேசிச் செயலியும் இருக்கிறது. ஆவணங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகின்றன என்பது பெருங்குறைதான். பத்திரிகைத் தகவல் அலுவலகம் தமிழில் செய்திக் குறிப்புகளை வெளியிடுகிறது என்றாலும், அவை உரையின் சுருக்கமாகவே அமைகின்றனவே தவிர அட்டவணைகளுக்குள் போவதில்லை. ஆயினும் அட்டவணைகளில் சொற்களைவிட எண்களே மிகுதி. இருபது கலைச்சொற்களைப் பழகிக்கொண்டவர் மொழித் தடையைப் பெரும்பாலும் கடந்துவிடலாம்.

ஆவணங்களின் நீண்ட பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. முதல் வாசிப்புக்கு இரண்டு போதும். ஒன்று, சில பக்கங்களில் முழுச் சித்திரத்தையும் தரும் ‘பட்ஜெட் ஒரு பார்வை’. மற்றொன்று, ஒவ்வொரு அமைச்சகத்தின் திட்டங்களையும் வரிவரியாகப் பிரித்துக் காட்டும் ‘செலவு பட்ஜெட்’. மானியக் கோரிக்கைகள் என்ற தலைப்பிலேயே உள்ள ஆவணம் சட்டப்படி முதன்மையானது என்றாலும், கணக்குத் தலைப்புகளின் வரிசையில் அமைந்திருப்பதால் புதியவருக்கு அதில் திட்டங்களின் முகம் தெரியாது. செலவு பட்ஜெட்டில் ஓர் அமைச்சகத்தைப் புரிந்துகொண்ட பிறகு அதற்குத் திரும்புவதே நல்லது. வரிகளைப் பற்றி அறிய விரும்புவோர் வரவு பட்ஜெட்டையும், நிதி மசோதாவுடன் வரும் விளக்கக் குறிப்பையும் பார்க்கலாம்.

நூறையொட்டிய எண்ணிக்கையில் கோரிக்கைகள் இருப்பதால், எல்லாவற்றையும் படிக்க முயன்று எதையும் படிக்காமல் விடுவதைவிட, உங்கள் தொழிலுக்கோ ஊருக்கோ நெருக்கமான ஒரே ஓர் அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்து, அதை மூன்று, நான்கு ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் படிப்பதையே நான் பரிந்துரைப்பேன். பழைய ஆண்டுகளின் ஆவணங்களும் அதே தளத்தில் இருக்கின்றன. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று முன்வைத்த கோயம்புத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியாரின் உரையைக்கூட அங்கே படிக்கலாம். 197 கோடி ரூபாய்ச் செலவுக்கு அவர் தந்த விளக்கத்தின் பொறுமையைப் பார்த்துவிட்டு இன்றைய உரைகளுக்கு வருவது நல்ல பயிற்சி.

முதலில் நான்கு கழித்தல் கணக்குகள்

‘பட்ஜெட் ஒரு பார்வை’யின் முதல் அட்டவணையைத் திறந்து, ஒரு தாளில் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். தொகைகள் யாவும் கோடி ரூபாயில் இருக்கும். 2025-26இன் மொத்தச் செலவு மதிப்பீடு 50,65,345 கோடி. வரியும் வரியல்லாத வருமானமும் சேர்ந்த வருவாய் வரவு 34,20,409 கோடி. முன்பு கொடுத்த கடன்களைத் திரும்ப வசூலிப்பதில் 29,000 கோடியும், பங்கு விற்பனை போன்ற பிற மூலதன வரவுகளில் 47,000 கோடியும் எதிர்பார்க்கப்பட்டன. மொத்தச் செலவிலிருந்து இவை மூன்றையும் கழித்தால் எஞ்சுவது 15,68,936 கோடி. அதுவே நிதிப் பற்றாக்குறை, அதாவது அந்த ஆண்டு அரசு வாங்கப்போகும் கடன். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் இது 4.4 விழுக்காடு.

அடுத்த கழித்தல், வருவாய்ச் செலவான 39,44,255 கோடியிலிருந்து வருவாய் வரவை நீக்குவது. கிடைக்கும் 5,23,846 கோடி வருவாய்ப் பற்றாக்குறை. சம்பளம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே எவ்வளவு கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்பதை அது சொல்கிறது. மூன்றாவதாக, நிதிப் பற்றாக்குறையிலிருந்து வட்டிச் செலவான 12,76,338 கோடியைக் கழித்தால் 2,92,598 கோடி வரும். முதன்மைப் பற்றாக்குறை எனப்படும் இந்த எண், பழைய கடனின் சுமையை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த ஆண்டின் வரவு செலவை மட்டும் அளக்கிறது. புதுக் கடனில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலான தொகை பழைய கடனின் வட்டிக்குச் சமமாக இருப்பதும், வருவாயாக வரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 37 ரூபாய் வட்டிக்கே போவதும் இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்பவருக்கு மறக்காது.

நான்காவது கழித்தல் மூலதனச் செலவைப் பற்றியது. 2025-26இல் 11,21,090 கோடி மூலதனச் செலவு என்று தலைப்புச் செய்திகள் வந்தன. அதற்குள் மாநிலங்களுக்கு 50 ஆண்டு வட்டியில்லாக் கடனாகத் தரவிருந்த 1,50,000 கோடியும் அடங்கும். அந்தப் பணத்தில் சாலையோ பாலமோ கட்டுபவை மாநில அரசுகள். பிறகு அது மாநில பட்ஜெட்டிலும் மூலதனச் செலவாகக் காட்டப்படும். இரண்டு அரசுகளின் எண்களையும் கூட்டிப் பார்ப்பவர் இதைக் கழிக்காவிட்டால் ஒரே பாலத்தை இருமுறை எண்ணியவராவார்.

அதே ஆவணத்தில் உள்ள ‘ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது’ என்ற வட்டப்படம் எல்லா நாளிதழ்களிலும் அச்சாகிறது. அதில் வட்டிக்கு 20 காசு என்றிருக்கும். ஆனால் மேலே உள்ள எண்களை வகுத்தால் மொத்தச் செலவில் வட்டியின் பங்கு 25 விழுக்காடு வருகிறது. இரண்டுமே சரியானவை. மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும் வரிப் பங்கையும் சேர்த்த பெருந்தொகையை வட்டப்படம் ஒரு ரூபாயாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் பங்குக்கு 22 காசு என்று படத்திலேயே இருக்கிறது. செலவு அட்டவணையில் மாநிலங்களின் பங்கு சேராது. எந்த விழுக்காட்டைக் கண்டாலும் அது எந்த மொத்தத்தின் விழுக்காடு என்று முதலில் கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை இந்த ஒரு படத்திலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

நான்கு நெடுவரிசைகள்

ஒரு பட்ஜெட்டைப் பற்றி நடக்கும் வாதங்களில் பாதி, இரு தரப்பாரும் வெவ்வேறு நெடுவரிசைகளைப் பார்த்துப் பேசுவதால் எழுகின்றன. செலவு பட்ஜெட்டில் ஒவ்வொரு திட்டத்துக்கும் எதிரே நான்கு தொகைகள் இருக்கும். 2025-26 ஆவணத்தில் முதல் தொகை 2023-24இல் உண்மையில் செலவானது. இரண்டாவது, 2024-25க்கு முதலில் கேட்டிருந்த பட்ஜெட் மதிப்பீடு. மூன்றாவது, அதே ஆண்டுக்கு ஏறக்குறைய முக்கால்வாசி ஆண்டு கழிந்த நிலையில் போட்ட திருத்த மதிப்பீடு. நான்காவது, 2025-26க்கு இப்போது கேட்கும் தொகை. ஒவ்வொன்றும் வருவாய், மூலதனம், மொத்தம் என மூன்றாகப் பிரிந்திருக்கும்.

வீடுகளுக்குக் குழாய்வழிக் குடிநீர் தரும் ஜல் ஜீவன் இயக்கத்தின் வரியைப் படித்துப் பாருங்கள். 2024-25க்குக் கேட்டது 70,163 கோடி. திருத்த மதிப்பீட்டில் அது 22,694 கோடியாகச் சுருங்கியது. 2025-26க்குக் கேட்டது 67,000 கோடி. திருத்த மதிப்பீட்டோடு ஒப்பிடுபவர், ஒதுக்கீடு ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது என்பார். முந்தைய பட்ஜெட் மதிப்பீட்டோடு ஒப்பிடுபவர், ஒதுக்கீடு குறைக்கப்பட்டிருக்கிறது என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் விட முக்கியமான கேள்வி மூன்றாவது நெடுவரிசையில் இருக்கிறது: அவை அனுமதித்த தொகையில் மூன்றில் ஒரு பங்குகூடச் செலவாகாது என்று ஆண்டு முடிவதற்கு முன்பே அரசு முடிவுக்கு வந்தது ஏன்? அந்தக் காரணம் தெரியாமல் அடுத்த ஆண்டின் 67,000 கோடியை நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

எதிர்த்திசையில் நகரும் எடுத்துக்காட்டு நூறு நாள் வேலைத் திட்டம். கேட்டு வருவோருக்கெல்லாம் வேலை தர வேண்டும் என்ற சட்டக் கடமையின் மீது அமைந்த திட்டம் என்பதால், அதன் செலவைத் தீர்மானித்தது கிராமத்தின் தேவை; பட்ஜெட் மதிப்பீடு வெறும் தொடக்கப் புள்ளியாகவே இருந்தது. 2020-21இல் 61,500 கோடி என்று தொடங்கியது, பெருந்தொற்றுக் காலத்தில் ஊர் திரும்பியவர்களின் தேவையால் திருத்த மதிப்பீட்டில் 1,11,500 கோடியாயிற்று. அடுத்த ஆண்டுக்குக் கேட்டது 73,000 கோடி. திருத்தத்தில் 98,000 கோடி. 2022-23க்கு மீண்டும் 73,000, திருத்தத்தில் 89,400. 2023-24க்கு 60,000, திருத்தத்தில் 86,000. நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு பிப்ரவரியிலும் தேவையைவிடக் குறைவாகக் கேட்டு, பிறகு கூட்டியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. இறுதியில் பணம் வந்துவிட்டதே, இதில் என்ன குறை என்று சிலர் கேட்கலாம். கூடுதல் தொகைக்கு அவையின் அனுமதி கிடைக்கும்வரை கூலி பாக்கி நிற்கும். பாக்கி நின்றால் அடுத்த வாரம் வேலைக்கு வருவோர் குறைவர். வருவோர் குறைந்தால் தேவையே குறைந்துவிட்டதாக அட்டவணை காட்டும். குறைந்த மதிப்பீடு இப்படித் தன்னைத்தானே உண்மையாக்கிக்கொள்ளக்கூடியது என்பதால், கேட்டதையும் செலவானதையும் பல ஆண்டுகளுக்கு அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பது இன்றியமையாதது.

ஆகவே நடைமுறையில் செய்ய வேண்டியது இது. நீங்கள் தேர்ந்த திட்டத்துக்கு ஓர் எளிய அட்டவணை போடுங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் பட்ஜெட் மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, உண்மைச் செலவு ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். உண்மைச் செலவு இரண்டு ஆண்டுகள் கழித்து வரும் ஆவணத்தில்தான் கிடைக்கும் என்பதால் அந்தந்த ஆண்டின் ஆவணத்தைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும். பட்ஜெட் மதிப்பீட்டைப் பட்ஜெட் மதிப்பீட்டோடும், உண்மைச் செலவை உண்மைச் செலவோடும் மட்டுமே ஒப்பிடுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒப்பீடாக இருந்தால் விலைவாசி உயர்வையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதற்கு எளிய வழி, தொகையை அந்தந்த ஆண்டின் மொத்தச் செலவின் விழுக்காடாக மாற்றிப் பார்ப்பது.

ஒரு கோரிக்கையின் உள்ளே

கோரிக்கைகள் அமைச்சகங்களின் ஆங்கிலப் பெயர் வரிசைப்படி எண்ணிடப்படுகின்றன. வேளாண்மை மற்றும் உழவர் நலத்துறையின் கோரிக்கை முதல் எண்ணைப் பெறுவது அதனால்தான். துறைகள் பிரிந்தாலோ சேர்ந்தாலோ எண்கள் மாறிவிடும் என்பதால் எண்ணை நம்பாமல் பெயரைக் கொண்டே தேடுங்கள். ஒரு துறையை ஒரே கோரிக்கைக்குள் முழுமையாகக் கண்டுவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். பாதுகாப்பு அமைச்சகத்துக்கு நான்கு கோரிக்கைகள் உண்டு: அமைச்சகத்தின் குடிசார் செலவு, படைகளின் வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு, ஓய்வூதியம். 2025-26இல் நான்கும் சேர்ந்து 6,81,210 கோடி. அதில் ஓய்வூதியம் மட்டும் 1,60,795 கோடி. ஓய்வூதியத்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு வகையான ‘பாதுகாப்பு பட்ஜெட்’ எண்கள் செய்திகளில் உலவுவதற்கு இதுவே காரணம்.

ஒவ்வொரு கோரிக்கையிலும் வாக்கெடுப்புக்கு உட்பட்ட செலவு, உட்படாத செலவு என்ற பிரிவைக் கவனியுங்கள். குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், தணிக்கைத் தலைவரின் ஊதியம், நீதிமன்றத் தீர்ப்பின்படி தர வேண்டிய தொகை, அரசின் கடனுக்கான வட்டி ஆகியவை தொகுப்பு நிதியின் மீது நேரடியாகச் சுமத்தப்பட்டவை. அவற்றை அவை விவாதிக்கலாம். வாக்களித்துக் குறைக்க முடியாது. கடனைத் திருப்பிச் செலுத்தும் தொகையும் இவ்வகையில் சேர்வதாலும், ஓராண்டுக்குள் முதிர்ந்து மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்படும் கருவூலப் பத்திரங்கள் ஒவ்வொரு முறையும் இதில் எண்ணப்படுவதாலும், செலவுக்கான அனுமதியைச் சட்டமாக்கும் நிதி ஒதுக்க மசோதாவில் காணும் மொத்தம் பட்ஜெட்டின் மொத்தச் செலவைவிட மிகப் பெரிதாக இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு எங்கோ பணம் மறைந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

மொத்தத் தொகை, நிகரத் தொகை என்ற வேறுபாடும் இதைப் போன்றதே. ரயில்வேயின் கோரிக்கையில் அதன் இயக்கச் செலவு முழுவதும் அடங்கும். ஆனால் அதைப் பயணிகளும் சரக்கும் தரும் கட்டணத்திலிருந்தே அது ஈடுகட்டுகிறது. பொதுக் கருவூலத்திலிருந்து அதற்குப் போகும் மூலதன ஆதரவு 2025-26இல் ஏறக்குறைய 2,52,000 கோடி. கல்வித் திட்டங்களின் கீழ் இன்ன நிதியத்திலிருந்து ஈடுசெய்யப்படும் தொகை என்று தனி வரிகள் வரும். சிறப்பு வரியாகத் திரட்டி நிதியத்தில் போட்ட பணம் அங்கிருந்து எடுக்கப்படுவதை அவை காட்டுகின்றன. வரிகளைக் கூட்டும்போது கழித்தல் குறியுள்ளவற்றைத் தவறவிடாதீர்கள்.

கணக்குத் தலைப்பின் நான்கு இலக்க எண்ணைப் பழகிக்கொள்வது சிரமமில்லாதது, பயனோ மிகப் பெரிது. முதல் இலக்கம் 0 அல்லது 1 என்றால் வருவாய் வரவு. 2 அல்லது 3 என்றால் வருவாய்ச் செலவு. 4 அல்லது 5 என்றால் மூலதனச் செலவு. 6 அல்லது 7 என்றால் கடனாகக் கொடுத்தது. 8 என்றால் எதிர்பாராச் செலவு நிதியும் பொதுக் கணக்கும். வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு, கடன் ஆகிய வகைகளில் கடைசி மூன்று இலக்கங்கள் பெரும்பாலும் துறையைக் காட்டும். மருத்துவம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றின் அன்றாடச் செலவு 2210, அதே துறையில் கட்டடமும் கருவியும் 4210, கடன் 6210. பொதுக் கல்வி 2202, வட்டி 2049, மாநிலங்களுக்கான உதவி மானியம் 3601. நாட்டின் எல்லா மாநிலங்களும் இதே முறையைப் பின்பற்றுகின்றன. ஆகவே ஒன்றிய பட்ஜெட்டில் கற்ற எண்களைக் கொண்டு தமிழ்நாட்டின் மானியக் கோரிக்கைகளையும் அப்படியே படிக்கலாம். இதற்கும் கீழே, சம்பளம், பயணப்படி, வாடகை என்ற அளவில் பார்க்க வேண்டுமானால், விவாதத்துக்கு முன்பு அமைச்சகங்கள் தனித்தனியே வெளியிடும் விரிவான மானியக் கோரிக்கைகளை அவற்றின் தளங்களில் தேட வேண்டும்.

கோரிக்கைக்கு வெளியே இருப்பவை

மாநிலங்களின் வரிப் பங்கு எந்தக் கோரிக்கையிலும் வராது. மொத்த வரி வசூலிலிருந்து அது முதலிலேயே பிரிந்துவிடுகிறது. 2025-26இல் மொத்த வரி 42,70,233 கோடி என மதிப்பிடப்பட்டு, அதில் 14,22,444 கோடி மாநிலங்களுக்கென்று காட்டப்பட்டது. தமிழ்நாட்டின் பங்கு அதில் 4.079 விழுக்காடு, ஏறக்குறைய 58,000 கோடி. ஒன்றியமும் மாநிலங்களும் வரியைப் பகிர்ந்துகொள்ளும் முறையைப் பரிந்துரைக்கும் பதினைந்தாவது நிதிக்குழு மாநிலங்களுக்கு 41 விழுக்காடு தரச் சொல்லியிருக்க, மேலே உள்ள எண்களை வகுத்தால் 33 விழுக்காடுதான் வருவதைக் காண்பீர்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்கென விதிக்கப்படும் செஸ் வரிகளும், வரியின் மீது விதிக்கப்படும் கூடுதல் வரிகளும் பங்கிடத்தக்க தொகுப்பில் சேர்வதில்லை என்பது இந்த இடைவெளிக்கான பெருங்காரணம். மாநிலங்கள் இதைப் பற்றி எழுப்பும் கேள்வி நியாயமானது என்பதே என் கருத்து.

பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கும் கடனையும் கவனிக்க வேண்டும். உணவு மானியத்துக்காக அரசு தர வேண்டிய தொகையை முழுமையாகத் தராமல், இந்திய உணவுக் கழகம் தேசிய சிறுசேமிப்பு நிதியத்திலிருந்து கடன் வாங்கிச் சமாளிக்கும் நிலை சில ஆண்டுகள் நீடித்தது. அந்தக் காலத்தில் நிதிப் பற்றாக்குறை உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்தது. 2020-21இல் அந்தக் கடனைத் தீர்க்க முடிவானபோது, 1,15,570 கோடி என்று கேட்டிருந்த உணவு மானியம் திருத்த மதிப்பீட்டில் 4,22,618 கோடியாக உயர்ந்தது. அந்த ஆண்டு இலவச அரிசி, கோதுமை வழங்கியதும் இதில் சேரும் என்றாலும், உயர்வின் பெரும்பகுதி பழைய பாக்கி. நேர்மையான திருத்தம் என்றே அதைச் சொல்ல வேண்டும். தாமதமாக வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இத்தகைய கடன்களைக் காட்டும் அறிக்கை ‘செலவு விவரத் தொகுப்பு’ என்ற ஆவணத்தின் பின்பகுதியில் இருக்கும்.

அவையில் என்ன நடக்கிறது

பட்ஜெட் தயாரிப்பு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் நிதி அமைச்சகத்தின் சுற்றறிக்கையோடு தொடங்கி, அக்டோபர் முதல் செலவினத் துறைச் செயலர் ஒவ்வொரு அமைச்சகத்தோடும் நடத்தும் கூட்டங்களில் உருப்பெறுகிறது. ஒரு திட்டத்துக்குக் கூடுதல் தொகை வேண்டும் என்று சங்கமாகவோ அமைப்பாகவோ எழுத நினைப்பவர்கள் ஜனவரியில் எழுதினால் காலம் கடந்திருக்கும். செப்டம்பரில் உரிய அமைச்சகத்துக்கு எழுதுவதே பயன் தரும்.

உரைக்குப் பிறகு பொது விவாதம் முடிந்ததும் இரு அவைகளின் கூட்டமும் சில வாரங்கள் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். அந்த இடைவேளையில்தான் துறைவாரி நிலைக்குழுக்கள் கோரிக்கைகளை ஆராய்கின்றன. 1993இல் தொடங்கிய இம்முறையில் இப்போது 24 குழுக்கள் உள்ளன; ஒவ்வொன்றிலும் மக்களவை உறுப்பினர்கள் 21 பேர், மாநிலங்களவை உறுப்பினர்கள் 10 பேர். துறைச் செயலர்களை நேரில் அழைத்து, கேட்ட தொகை எவ்வளவு, நிதி அமைச்சகம் தந்தது எவ்வளவு, போன ஆண்டு செலவாகாமல் நின்றது எவ்வளவு என்று விசாரித்து மார்ச்சில் அவர்கள் தரும் அறிக்கைகள், பட்ஜெட்டைப் பற்றி எழுதப்படும் யாவற்றிலும் மிகப் பயனுள்ளவை என்பது என் மதிப்பீடு. துறை கேட்டதும் கிடைத்ததும் அருகருகே கிடைப்பது பெரும்பாலும் அவற்றில்தான். பரிந்துரைகளுக்கு அரசு மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலைப் பற்றியும் குழு தனி அறிக்கை வெளியிடும்.

பிறகு கோரிக்கைகள் மக்களவையில் விவாதத்துக்கு வருகின்றன. உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். கொள்கையையே ஏற்கவில்லை என்றால் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்வார்கள். சிக்கனம் வேண்டும் என்றால் குறிப்பிட்ட தொகையை வெட்டச் சொல்வார்கள். ஒரு குறிப்பிட்ட குறையைச் சுட்டிக்காட்ட விரும்பினால் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்வார்கள். பெரும்பான்மை உள்ள அரசின் கோரிக்கை இவற்றால் தோற்பதில்லை என்றாலும், அமைச்சரைப் பதில் சொல்ல வைக்கும் வழி இது. மாநிலங்களவைக்குக் கோரிக்கைகளின் மீது வாக்கு இல்லை. பண மசோதாவாக வரும் நிதி ஒதுக்க மசோதாவை அது 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

விவாதத்துக்கு ஒதுக்கிய காலம் முடிந்ததும், எஞ்சிய கோரிக்கைகள் அனைத்தும் ஒரே வீச்சில் வாக்குக்கு விடப்படும். கில்லட்டின் என்று அவையில் வழங்கும் இந்த நடைமுறையால் பெரும்பாலான அமைச்சகங்களின் செலவு விவாதமின்றியே நிறைவேறுகிறது. 2018-19, 2023-24 ஆகிய ஆண்டுகளில் ஓர் அமைச்சகத்தின் கோரிக்கைகூட விவாதிக்கப்படாமல் எல்லாம் இப்படியே நிறைவேறின. வருத்தத்துக்குரிய நிலை இது. அவையில் நடக்காத விவாதத்தின் பொருள் நிலைக்குழு அறிக்கைகளில் இருக்கிறது என்பதால், அவற்றைப் படிக்க வேண்டிய தேவையும் இதனால் கூடுகிறது.

தேர்தல் ஆண்டுகளில் மட்டும் ஒழுங்கு மாறும். 2024இல் பிப்ரவரி 1 அன்று இடைக்கால பட்ஜெட்டும், தேர்தலுக்குப் பின் ஜூலை 23 அன்று முழு பட்ஜெட்டும் வந்தன. இடைப்பட்ட மாதங்களின் செலவுக்கு 116ஆம் பிரிவின்படி முன்கூட்டியே அனுமதி பெறப்படுகிறது. அத்தகைய ஆண்டுக்கு இரண்டு பட்ஜெட் மதிப்பீடுகள் இருக்கும். ஒப்பிடும்போது ஜூலையில் வந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலுக்குப் பிறகு

அனுமதி கிடைத்துவிட்டதாலேயே பணம் செலவாகிவிடாது. கணக்குத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் ஒவ்வொரு மாதத்தின் வரவு செலவையும் அடுத்த மாத இறுதியில் இணையத்தில் வெளியிடுகிறார். அமைச்சகவாரியாக, பட்ஜெட் மதிப்பீட்டில் எத்தனை விழுக்காடு செலவாகியிருக்கிறது என்பதையும் அங்கே காணலாம். நவம்பர் முடிவில் பாதிகூடச் செலவிடாத அமைச்சகம் என்றால், பிப்ரவரியில் அதன் திருத்த மதிப்பீடு சுருங்கும் என்று ஓரளவு உறுதியாகவே எதிர்பார்க்கலாம். கடைசி நேரத்தில் பணத்தை வாரியிறைப்பதைத் தடுக்க, இறுதிக் காலாண்டில் 33 விழுக்காட்டுக்கு மேலும், மார்ச்சில் மட்டும் 15 விழுக்காட்டுக்கு மேலும் செலவிடக் கூடாது என்ற விதி இருக்கிறது. அது எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகிறது என்பதும் இந்த மாதக் கணக்கிலிருந்தே தெரியும்.

அனுமதித்த தொகை போதாவிட்டால் 115ஆம் பிரிவின்படி துணை மானியக் கோரிக்கைகள் வரும். கூட்டத்தொடர்களின் நடுவே அதிகச் சத்தமின்றி நிறைவேறும் இவற்றைத் தவறாமல் பாருங்கள். ஒரு திட்டத்தின் மதிப்பீடு ஆண்டின் நடுவில் ஏன் ஏறியது என்பதற்கான விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். சில வரிகளில் மிகச் சிறிய பெயரளவுத் தொகை மட்டுமே இருக்கும். அதே கோரிக்கைக்குள் வேறிடத்தில் மிச்சமான பணத்தைப் புதிய செலவுக்குத் திருப்ப அவையின் சம்மதம் கேட்பதே அதன் நோக்கம். தொகை சிறிது என்று கடந்துபோனால், பின்னால் இருக்கும் பெரிய மாற்றம் கண்ணில் படாது.

ஆண்டு முடிந்த பிறகு, இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர், அவை அனுமதித்ததையும் உண்மையில் செலவானதையும் கோரிக்கைவாரியாக ஒப்பிட்டு அறிக்கை தருகிறார். அதை 22 உறுப்பினர் கொண்ட பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. 1921இல் தோன்றிய இக்குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் தலைமை ஏற்பது மரபாக இருந்துவருகிறது. அனுமதித்ததைவிடக் கூடுதலாகச் செலவிட்ட துறை, அக்குழுவின் ஆய்வுக்குப் பிறகு, மீண்டும் மக்களவைக்கு வந்து மிகைச் செலவுக்கு ஒப்புதல் பெற வேண்டும். நீங்கள் தொடங்கிய அட்டவணையில் ஒவ்வோர் ஆண்டுக்கும் நான்காவது கட்டமாகத் தணிக்கை சொன்னதையும் ஒரு வரியில் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களில் கிடைக்காத ஒன்று, பணம் உங்கள் மாவட்டத்துக்கு வந்ததா என்பது. அதற்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில், ஒன்றிய அரசின் இணையவழி விண்ணப்பத் தளத்திலேயே கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். திட்டம் எப்படி நடக்கிறது என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். ஆகவே திட்டத்தின் பெயர், கணக்குத் தலைப்பு எண், நிதியாண்டு, மாவட்டம் ஆகிய நான்கையும் குறிப்பிட்டு, விடுவித்த தொகை எவ்வளவு, எந்தத் தேதியில், செலவுச் சான்றிதழ் எப்போது பெறப்பட்டது என்று கேளுங்கள். அதே கேள்வியை உங்கள் தொகுதியின் மக்களவை உறுப்பினருக்கும் எழுதி, எழுத்துவழிப் பதில் பெறும் கேள்வியாக அவையில் வைக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். கேள்விக்கு முன்னறிவிப்புக் காலம் உண்டு என்பதால், கூட்டத்தொடரின் தேதிகள் அறிவிக்கப்பட்டவுடனே கடிதத்தை அனுப்பிவிடுவது நல்லது.